நேரலையில் ஸ்பார்க் பிளக் வாங்கி 1,146 வெள்ளி இழந்தேன்: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

1,146 வெள்ளி. முந்தாநாள் சாயந்திரம் பட்டறையில் கடைசி நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காடியை (காரை) எடுத்து வந்தேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பக்கம் பழைய காடி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன ரிப்பேரைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் யாருக்கும் இது நடக்கக் கூடாது. பிளக்கை நாமே எப்படி மாற்றுவது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாவற்றையும் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காடி 2014-இல் வாங்கியது, 1300 சிசி. 118,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது லேசாக உதற ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிடம் இருமும். நான் செம்பனை ஆலையில் பதினாறு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவன். பிளக் தேய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்பார்கள், இது அதையும் தாண்டிவிட்டது. இருந்தாலும் ஈப்போவுக்குப் போன ஒரு நாள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏறி விலை கேட்டேன். நாலு பிளக், அதுக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கிற நாலு காயில், கூலி எல்லாம் சேர்த்து 640 வெள்ளி என்றார்கள். காயில் எதற்கு என்று கேட்டதற்கு, "மைலேஜ் அதிகம், சேர்த்து மாத்திட்டா நல்லது" என்று பதில் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என்ன பெரிய வேலை அது? ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்ற வேண்டும். காயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 நம்பர் போல்ட். அப்புறம் 16 நம்பர் பிளக் சாக்கெட். அவசரமில்லாமல் செய்தால் ஒரு மணி நேரம். நாமே செய்யலாம் என்று நான் எடுத்த முடிவில் தப்பில்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன். சாமான் வாங்கின இடத்தில்தான் மோசம் போனேன்.

அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் துணிமணி, சட்டி பானை வாங்குகிற ஒரு ஷாப்பிங் செயலி. அதில் ஒருவன் நேரலையில் காடிச் சாமான் விற்றுக்கொண்டிருந்தான். தமிழில். அதுவும் நம் ஊர்த் தமிழில், 'லா' போட்டு. பின்னால் அடுக்கு அடுக்காகப் பெட்டிகள். சின்னப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. நான் காடி மாடலைத் தட்டிக் கேட்டதும் என் பெயரைப் படித்து, "அண்ணே வணக்கம்ணே, எந்த ஊர்ணே?" என்றான். சுங்கை சிப்புட் என்று எழுதினேன். "அட, எங்க பாட்டி அந்தப் பக்கம் தோட்டத்துல பால் வெட்டினவங்கதான்ணே. நம்ம ஆளுங்களுக்கு நான் கெட்ட சாமான் குடுப்பனா?" என்றான்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

நம்ம ஆள் என்றால் நம்பிவிடுவது எங்கள் குடும்பத்தில் பழைய பழக்கம். 1960-இல் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கலாம் என்றார். எங்கள் பாட்டி கட்டினார். கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். நம்ம ஆள், நம்ம மொழியில் சொல்கிறார், போடலாம் என்று போட்டார். அந்தப் பணம் தோட்டமாக நின்றது. அந்த நம்பிக்கையை இந்தப் பையனிடம் கொண்டுபோய் வைத்தேனே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காசைவிட இதுதான் சுடுகிறது.

நேரலை முடிந்ததும் அவனே போன் செய்தான். நாலு இரிடியம் பிளக், நாலு காயில், 268 வெள்ளி. பிளக்கில் என்ஜிகே, டென்சோ இரண்டும் நமக்குத் தெரிந்த ஜப்பான் பெயர்கள், அதில் ஒன்றின் பெயரைச் சொல்லி ஒரிஜினல் என்றான். இவ்வளவு மலிவாக எப்படி என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "பழைய காயில் நாலையும் எனக்கு அனுப்பிடணும்ணே, அதான் இந்த விலை. தபால் செலவு என்னது" என்றான். பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதுசு வாங்குவதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் பார்சல் வந்தது. வந்த ஐந்தாவது நிமிடம் போன். "அண்ணே, 'கிடைத்தது' பட்டனை அழுத்திடுங்கண்ணே. நீங்க அழுத்தினாதான் காசு எனக்கு வரும். நான் சின்ன வியாபாரி, காசு உள்ளேயே மாட்டிக்கிட்டா அடுத்த சரக்கு எடுக்க முடியாது." பெட்டியைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே அழுத்தினேன். ஒரு பிள்ளை சொந்தமாகக் கடை போட்டு முன்னுக்கு வரப் பார்க்கிறான், நாம் ஏன் அவன் காசை நிறுத்தி வைக்க வேண்டும் என்றுதான் அழுத்தினேன். நாம் அந்தப் பட்டனை அழுத்துகிற வரைக்கும், இல்லை கெடு முடிகிற வரைக்கும், காசு செயலியின் கையில்தான் இருக்கும். அழுத்தினால் அவ்வளவுதான், போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். நம் தோட்டத்து மண்சாலையில் ஓடுகிற காடியில் பிளக் குழியெல்லாம் செம்மண் தூசி படிந்திருக்கும். காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பழைய பிளக்கைக் கழற்றினேன், இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டின் நுனியில் செருகி விரலால் திருகினேன். முதல் இரண்டும் போனது. மூன்றாவது, இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்து மரையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். திரும்பவும் அதே இடத்தில் பிடித்தது. பழைய பிளக்கை அதே ஓட்டையில் வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அப்படியானால் கோளாறு புதுசில்தான். விரல் நுனியில் மரையைத் தடவினால் ஓரிடத்தில் சொரசொரவென்று பிசிறு.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவனுக்கு போன் போட்டேன். "புதுசு அப்படித்தான் இருக்கும்ணே, ரெண்டு தடவை போய் வந்தா சரியாயிடும். சாக்கெட் போட்டு மெதுவா இறுக்குங்க, ஒண்ணும் ஆகாது." எஞ்சின் தலை அலுமினியம், பிளக் இரும்பு. இரண்டும் மோதினால் எது தேயும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் குரலில் இருந்த தெளிவை நம்பி சாக்கெட் போட்டேன். சிலிண்டருக்குள் எங்கோ 'கிரீச்' என்று ஒரு சின்ன உரசல். பிளக் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினும் ஓடியது, உதறலும் குறைந்திருந்தது. மறுநாள் பழைய காயில் நாலையும் துணியில் சுற்றி அவன் சொன்ன விலாசத்துக்கு அனுப்பி வைத்தேன்.

பன்னிரண்டு நாள் ஓடியது.

அம்மாவுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் எட்டு மணிக்குத் தேதி. ஆறேகாலுக்குக் கிளம்பி பழைய ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். கந்தான் தாண்டி செம்மோர் வரும் முன்பு காடி குலுங்க ஆரம்பித்தது. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. விளக்கு நிலையாக எரிந்தால்கூட மெல்ல ஓட்டிக்கொண்டு போகலாம், மின்னினால் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். பெட்ரோல் வாடையும் வந்தது. ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால் மூன்றாவது பிளக் பக்கம் 'புஸ் புஸ்' என்று காற்று கசிகிறது. அம்மா தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவால்லடா, அடுத்த தேதி வாங்கிக்கலாம்" என்றார். அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளிப் போய்விட்டது. இழுவை வண்டிக்கு 150 வெள்ளி.

நம் பட்டணத்துப் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அப்பா காலத்திலிருந்து பழக்கம், அவரும் அரைத் தமிழ் பேசுவார். மூன்றாவது பிளக்கை அவர் கழற்றியபோது, மரையோடு ஒட்டிக்கொண்டு அலுமினியம் சுருள் சுருளாக வெளியே வந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அதே நம்பர் ஒரிஜினல் பிளக் ஒன்றைக் கொண்டுவந்து, விளக்குக்குக் கீழே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பார் தம்பி, இது தீப்பு" என்றார். ஏமாற்று, போலி என்று அர்த்தம்.

பார்த்தேன். ஒரிஜினலில் நடு முனை ஊசி மாதிரி, மெலிசு. இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால்தான் முனையை அவ்வளவு மெலிசாக வைத்தாலும் தாங்குகிறது. என்னுடையதில் முனை தடிமன், சாதாரண நிக்கல், அதன் நுனியில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டாவது பிளக்கில் அந்தப் பொட்டையும் காணோம். ஒரிஜினலில் அடியில் இருக்கும் வளையத்தை இழுத்தால் வராது, சுழலும், ஆனால் கழலாது. என்னுடையதில் தட்டினாலே கையில் விழுந்தது. பெட்டியில் வெப்ப எண் 6 என்று இருக்கிறது, பீங்கானில் 7. அந்த எண் சும்மா இல்லை, பிளக் எவ்வளவு சூட்டைத் தாங்கி எவ்வளவு வெளியே தள்ளும் என்பதன் கணக்கு. நாலு பிளக்கிலும் இடைவெளியை அளந்தார், நாலும் நாலு விதம். அப்புறம் காயில். இரண்டு செத்துப்போயிருந்தது, மூன்றாவது சூடேறினால் விட்டு விட்டு வேலை செய்கிறது.

"பழைய காயில் எங்கே? கொண்டா, அதைப் போட்டுடலாம், அது நல்லாத்தானே ஓடிச்சு" என்றார் தவுக்கே. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதினோரு வருடம் ஒரு நாளும் மக்கர் செய்யாத நாலு ஒரிஜினல் காயிலை, துணியில் சுற்றி, நானே தபாலில் அனுப்பி வைத்திருக்கிறேன்.

கணக்கு இதுதான். அவனுக்குக் கொடுத்தது 268. இழுவை வண்டி 150. மரையைக் குடைந்து புது மரை போட 120. நாலு காயில் 420. நாலு பிளக் 128. கூலி 60. மொத்தம் 1,146 வெள்ளி. 640 வெள்ளி அதிகம் என்று சொல்லித் திரும்பி வந்தவன் 1,146 வெள்ளி கட்டியிருக்கிறேன். என் மாதச் சம்பளத்தில் பாதி. பிளக் எப்படியும் வாங்கித்தானே ஆகணும், அந்த 128-ஐக் கழித்துச் சொல்லுங்கள் என்றாள் என் மனைவி. கழிக்க மாட்டேன். அவன் கொடுத்த சாமான் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த 128-உம் என் பையில் இருந்திருக்கும்.

அவனைப் பிடித்துக் கேட்டேனா என்றால், கேட்டேன். முதல் நாள் "அப்படியாண்ணே, போட்டோ அனுப்புங்க" என்றான். பன்னிரண்டு போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் "சப்ளையர்கிட்ட பேசிட்டிருக்கேன்." ஐந்தாம் நாள் "பாஸ் தாய்லாந்து போயிருக்காரு." முதலாளி நான்தான், சின்ன வியாபாரி என்று சொன்ன பையனுக்கு எங்கிருந்து பாஸ் வந்தார்? ஏழாம் நாள் குரல் பதிவு: "நீங்க ஓவரா இறுக்கிட்டீங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." சாக்கெட் போட்டு இறுக்கச் சொன்னதே நீதானேடா என்று கேட்டேன். போனில் சொன்னது, என்னிடம் எழுத்தில் எதுவுமில்லை. அண்ணே போய் 'நீங்க' ஆனது, 'நீங்க' போய் 'பாஸ்' ஆனது. கடைசியில் காசுகூட வேண்டாம், என் பழைய காயிலையாவது திருப்பி அனுப்பு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு பாஸ், வேணும்னா ரிப்போர்ட் பண்ணிக்குங்க." அன்றைக்கே என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

செயலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? முதலில் ஒரு இயந்திரம் பதில் சொல்கிறது. என்ன எழுதினாலும் 'பெசானான் செலெசாய்', ஆர்டர் முடிந்தது, விற்றவரைத் தொடர்பு கொள்ளவும். விற்றவன் தடுத்துவிட்டான் என்று எழுதினால், அதற்கும் விற்றவரைத் தொடர்பு கொள்ளவும். மூன்றாம் நாள்தான் ஒரு ஆள் வந்தார். பொருள் கிடைத்தது என்று நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டது என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். கடைசியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு ஒரு செய்தியும் வந்தது.

போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் செய்திருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போடப் போகிறேன். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் யார் மேல் மனு என்று பெயரும் விலாசமும் எழுத வேண்டும். பார்சல் மேல் இருந்த விலாசத்தைத் தேடிப் பார்த்தால், அது பார்சல் வாங்கி அனுப்புகிற ஒரு கடை. என் காயிலும் அங்கேதான் போயிருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு இரவு ஷிப்ட், கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்து, சாமானைப் பார்த்து, முடிந்தால் மாட்டி ஓட்டிப் பார்க்கும் வரை 'கிடைத்தது' பட்டனைத் தொடாதீர்கள். எவன் அவசரப்படுத்தினாலும் தொடாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். அவன் போனில் பேசினால், அதே விஷயத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய சாமானை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதுசு ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பிளக் விரலால் அடி வரைக்கும் போக வேண்டும். போகவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். விரலால் உட்கார்ந்த பிறகு சாக்கெட்டில் அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு சுற்று, அதுவும் வளையம் வைத்த புதுப் பிளக்குக்கு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ஸ்பேனர் இருந்தால் காடிப் புத்தகத்தில் இருக்கிற அளவைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது கையே வைக்காதீர்கள்.

பிளக் நம்பரையும் அதே புத்தகத்தில் பார்த்து, முகம் தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குங்கள். எனக்கு 128 வெள்ளிக்கு நம் பட்டணத்திலேயே கிடைத்தது. நான் முதலிலேயே அங்கே போயிருக்கலாம்.

அந்த நாலு போலிப் பிளக்கையும் ஒரு ஒரிஜினலோடு சேர்த்து மைலோ டின்னில் போட்டு தவுக்கே பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாவதில் அந்த அலுமினியச் சுருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் யார் பிளக் வாங்கினாலும், கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தவுக்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காசு கேட்க மாட்டார்.